தக்காளிச் சூத்திரமும் அதற்கோர் உரையும்

சூத்திரம்: விதைத்தது வாடும், வீசியது விளையும்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், நகரத்துக் கொல்லையில் தக்காளியும் மிளகாயும் எவ்வாறு காய்க்கும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. ஆக்கியோன் பெயர் தெரியவில்லை. சென்னையில் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே நாலடி மண் வைத்திருக்கும் எவரும் ஆக்கியிருக்கலாம்.

முதற்கண் பொருள் வரையறை. தக்காளி காயா, பழமா என்ற வழக்கை 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்து, இறக்குமதி வரிக்கு அது காய்கறியே என்று தீர்த்தது. தாவரவியலார் கனி என்பர். ரசத்தில் கரைந்த பிறகு எதுவானால் என்ன என்பது நம் மரபு. மிளகாயும் தக்காளியும் ஒரே கத்தரிக் குடும்பம். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. எனவே இவற்றை எத்திணையின் கருப்பொருளிலும் சேர்க்காமல் விட்டது தொல்காப்பியர் குற்றமாகாது.

‘விதைத்தது’ என்றது, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த ஏப்ரலில் க்ரோ பேக், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், அட்டைப்படத்தில் மட்டும் காய்க்கும் விதைப் பாக்கெட் ஆகியவற்றை வாங்கி வந்து நடுவதை. மனிதருக்கு உற்சாகம் முளைக்கும் பட்டம் அது. செடிக்கு அது ஆகாது. பகலில் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25க்குக் கீழே இறங்காவிட்டால், தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். சென்னையின் மே மாதத்தில் இரண்டும் தவறாமல் நடக்கும். ‘வாடும்’ என்றதனால் செடி சாகும் என்று கொள்ளற்க. அது இடுப்புயரம் வளரும், மஞ்சளாகப் பூக்கும், பார்ப்பவரெல்லாம் “அடேயப்பா” என்பார்கள். காய் மட்டும் வராது. வாடுவது நட்டவர்.

‘வீசியது’ என்பதே இந்நூலின் உயிர். குழம்புக்கு ஆகாதென்று துவைக்கிற கல்லருகே எறிந்த அழுகல் தக்காளியை இது குறிக்கும். யாரும் பிரதிஷ்டை செய்யாத சுயம்பு லிங்கம்போல அது ஆடி மழைக்குப் பிறகு தானே எழும். இதற்குக் காரணம் உண்டு. பழத்துக்குள் ஒவ்வொரு விதையும் ஒரு வழவழப்பான உறைக்குள் கிடக்கிறது. அவ்வுறை அதை முளைக்கவிடாமல் தடுக்கும். அழுகிப் புளிக்கும்போதுதான் உறை கரையும். விதை சேமிப்போர் பழக்கூழை இரண்டு மூன்று நாள் வேண்டுமென்றே புளிக்க வைப்பதும் இதற்கே. அவர்கள் சிரத்தையாகச் செய்வதை நாம் சோம்பலால் செய்கிறோம். மேலும், மண்ணில் கிடக்கும் விதை காலண்டர் பார்ப்பதில்லை. ஈரம் வந்தால் எழும். அதனால் ஆடிப்பட்டம் தானே அமைந்துவிடுகிறது.

மிளகாயை வீசுபவர் யார் எனின், பெரும்பாலும் கொண்டைக்குருவி. மிளகாயின் காரம் பாலூட்டிகளின் நரம்பில் ஓர் ஏற்பியைத் தூண்டுகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளுக்கோ அந்தக் காரம் உறைப்பதில்லை. தின்றுவிட்டு மதில்மேல் உட்கார்ந்து எச்சமிட, மதிலோரம் காந்தாரி மிளகாய் முளைக்கிறது. வாங்கி நட்ட மிளகாய் நாற்றோ இலைப்பேனும் சிலந்திப்பேனும் ஏறி, இலை சுருண்டு, முறைத்துக்கொண்டு நிற்கும்.

அணில் பாலூட்டி. ஆதலின் மிளகாயை விட்டுத் தக்காளிக்குப் போகும். முழுதும் தின்றால் பசி என்று பொறுக்கலாம். ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவது ஆராய்ச்சி மனப்பான்மை. பரிகாரம் எளிது. பழம் நிறம் திரும்பத் தொடங்கியதுமே பறித்து அடுப்படியில் வைத்தால் அங்கேயே பழுக்கும்.

காயின் அடி கறுத்து அழுகுவது குறித்து இரு சமயங்கள் உள. மேல்வீட்டு மாமா முட்டையோட்டுச் சமயத்தார். பின்வீட்டு அத்தை புளித்த மோர்ச் சமயத்தார். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று மாமா கண்ட நோய் சரி. ஆனால் முட்டையோடு மண்ணில் கரைய மாதங்கள் ஆகும்; அதற்குள் செடியின் ஆயுளே முடியும். பெரும்பாலும் சத்து மண்ணிலேயே இருக்கிறது. நாலு நாள் மறந்துவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்வரை போய்ச் சேர்வதில்லை. இதைச் சொன்னால் இரு சமயத்தாரும் ஒன்றுசேர்ந்துவிடுவர். ஆதலின் உரையாசிரியர் வாளா இருந்தார்.

புறனடை: கடைத் தக்காளி பெரும்பாலும் கலப்பின வீரிய ரகம், வீசியதில் முளைப்பது தாயைப்போல இராது. ஐப்பசி அடைமழையில் நீர் தேங்கினால் சுயம்புவும் போகும். இன்னும் தீராத ஐயம் ஒன்று. சூத்திரம் அறிந்தவர் வேண்டுமென்றே வீசினால் அது வீசலா, விதைத்தலா? விதைத்தலே என்பார் ஒரு சாரார். அதற்கஞ்சி எங்கள் வீட்டில் ஆனி முடியும்போது, பழுத்தது இரண்டை எடுத்துக்கொண்டு போய், வேறெங்கோ பார்த்தபடி கை தவறவிடுகிறார்கள்.