பரணில் கிடக்கும் கல்யாணக் கேசட்: மூலபாடமும் இடைச்செருகலும் குறித்து ஓர் ஆய்வு

தமிழர் வீடுகளில் எறியவும் மனம் வராமல், எடுத்துப் பார்க்கவும் வழியில்லாமல் கிடக்கும் பொருள்கள் பல. வெண்கல உருளி, மூக்கு உடைந்த கொலு பொம்மை, ஓடாத சுவர்க்கடிகாரம் ஆகியவற்றை வருங்கால அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, இக்கட்டுரை கல்யாண வீடியோ கேசட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நீளம் 187 மி.மீ., அகலம் 102 மி.மீ., கனம் 25 மி.மீ. நிறம் கறுப்பு. முதுகில் ஒட்டிய தாளில் மணமக்கள் பெயரும் தேதியும் மண்டபமும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கும். கிடைக்குமிடம் பரண், வசதியான வீடென்றால் பீரோவின் அடித்தட்டு, பட்டுச்சேலைக்குக் கீழே. இதைப் பற்றி இதுவரை வந்தவை பெரும்பாலும் பெருமூச்சுகளே. பதிப்பியல் நோக்கில் அணுகும் முதல் முயற்சி இதுவே என்று துணிந்து சொல்லிக்கொள்கிறோம். மறுப்பவர் தம் கேசட்டோடு வரலாம். அதை ஓட்டும் டெக்கையும் அவரே கொண்டுவர வேண்டும்.

முதலில் காலம். வீடியோ நாடாவுக்குத் தோற்றுவாய் 1956. அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகல நாடாவில் படம் பிடித்துக் காட்டும் எந்திரத்தை அந்த ஆண்டில்தான் சிகாகோவில் அறிமுகப்படுத்தியது. அது டிவி நிலையங்களுக்கானது; வீட்டுக்குள் வைத்தால் ஆள் வெளியே படுக்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்காக சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இலும், ஜேவிசியின் விஎச்எஸ் 1976இலும் வந்தன. படத் தெளிவில் பீட்டாவே மேல் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆனால் முதலில் வந்த பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும். விஎச்எஸ்ஸில் இரண்டு மணி. இந்தப் போட்டியை ஆராய்ந்த மேலைநாட்டார் உரிமம், விலை, வாடகைக் கடை என்று ஏதேதோ காரணம் சொல்வார்கள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவனுக்கு அவ்வளவு ஆராய்ச்சி வேண்டியதில்லை. இடைவேளைக்கு முன்பே தீர்ந்துபோகிற கேசட் உருப்படாது. பிற்பாடு பீட்டாக்காரர்களும் நேரத்தைக் கூட்டினார்கள். அதற்குள் முகூர்த்தம் தப்பிவிட்டது.

முடிந்த காலம் பற்றி மூன்று கட்சி. ஹாலிவுட் கட்சியார் 2006 என்பர்: பெரிய ஸ்டுடியோக்கள் விஎச்எஸ்ஸில் வெளியிட்ட கடைசிப் படமாகச் சொல்லப்படும் ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’ அப்போது வந்தது. ஜப்பான் கட்சியார் 2016 என்பர்: கடைசித் தயாரிப்பாளராக மிஞ்சியிருந்த ஃபுனாய் எலெக்ட்ரிக் அந்த ஆண்டு ஜூலையில் டெக் செய்வதை நிறுத்தியது. உதிரிபாகம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது என்றார்கள். உச்சத்தில் ஆண்டுக்கு 1.5 கோடி விற்ற அந்த நிறுவனம் 2015இலும் 7.5 லட்சம் விற்றிருக்கிறது. சோனியோ, 1980களிலேயே தோற்றுப்போன பீட்டாவுக்கு 2016 மார்ச் வரை வெற்றுக் கேசட் விற்றுக்கொண்டிருந்தது. செத்தவருக்கு இத்தனை வருடம் பென்ஷன் போன வரலாறு நம் கருவூலங்களில்கூட அரிது. மூன்றாவது, வீட்டுக் கட்சி. டெக் ஒரு நாள் நாடாவைத் தின்றது. மெக்கானிக் ‘ஹெட் போச்சு சார், விட்ருங்க’ என்றார். வீட்டிலிருந்த யாரும் வருத்தப்படவில்லை. யுகம் முடிந்தது அன்றுதான் என்பது இக்கட்சி. இவ்வாய்வாளர் இதைச் சேர்ந்தவர்.

தமிழ்நாட்டில் கேசட் பரவியதற்கு நிலைக்களன் வாடகை டெக். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டிவி வந்தது. பின்னாலேயே டெக்கும் வந்தது. வாங்க முடிந்தவர் சிலர், வாடகைக்கு எடுத்தவர் ஊரார். டிவி, டெக், மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு. காதுகுத்து, சடங்கு, பொங்கல் என்று காரணம் எதுவானாலும் தெருவில் பெஞ்சு போட்டு டிவியை ஏற்றிவிடுவார்கள். மூன்று படத்துக்கும் வரிசைமுறை உண்டு. முதல் படம் பெரியவர்களுக்கு, பழையது. இரண்டாவது புதுப்படம், தியேட்டர் பிரிண்ட், நடுவில் யாரோ ஒருவர் எழுந்து போகிற தலையும் தெரியும். மூன்றாவது படத்தை முழுக்கப் பார்த்தவர் எவரும் இலர். டெக்கோடு வந்த பையன் மட்டும் அதன் பக்கத்தில் பாயைப் போட்டு, ஒரு கையை டெக்கின் மேல் வைத்தபடி தூங்குவான். இது எவ்வளவு பெருகியது என்றால், வீசீஆர், அதாவது டெக், மூலம் டிவி திரையில் சினிமா காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1984இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

இனி நூலின் உள்ளமைப்பு. மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் அரை அங்குல அகலத்தில் சுமார் 258 மீட்டர் நாடா இருக்கிறது. அது நொடிக்கு 2.34 செ.மீ. வீதம், கோயில் பிரகாரம் சுற்றும் பாட்டி வேகத்தில் நகரும். அந்த வேகத்தில் படம் பதியாது. ஆகவே ஹெட்டைச் சுற்றவிட்டார்கள். 62 மி.மீ. விட்டமுள்ள உருளை, சற்றே சாய்ந்து, நிமிடத்துக்கு 1500 சுற்று. அதில் பதித்த ஹெட்டுகள் நாடாவின் குறுக்கே சாய்கோடு சாய்கோடாக, நொடிக்கு 50 வரி எழுதும். திரும்ப வாசிப்பதும் அதே வழியில்தான். எழுதிய கோட்டின் மேல் ஹெட் சரியாக ஏறாமல் பக்கத்துக் கோட்டையும் மிதித்தால் திரையில் மழை பெய்யும். அப்போது டிராக்கிங் திருகாணியைத் திருப்ப வேண்டும். வீட்டுக்கு ஒருவருக்குத்தான் அந்தக் கைராசி. மற்றவர் தொட்டால் திட்டு விழும்.

இவ்வமைப்பிலிருந்து இவ்வாய்வு கண்டடைந்த விதி ஒன்று. பாஸ் பொத்தானை அழுத்தினால் நிற்பது நாடா மட்டுமே. உருளை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஹெட் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். ரொம்ப நேரம் விட்டால் டெக்கே பயந்து பாஸை விடுவித்துவிடும். ஆகவே ஒரு கேசட்டில் எந்த இடம் அதிகம் தேய்ந்திருக்கிறதோ, அந்த இடத்தைத்தான் வீட்டார் அதிகம் விரும்பினார்கள் என்று கொள்ளலாம். சினிமா கேசட்டில் அது எந்த இடம் என்பதைக் கண்ணியம் கருதி விடுகிறோம். கல்யாணக் கேசட்டில் அது பெரும்பாலும் தாத்தா அட்சதை போடும் இடம். ‘நிறுத்து, நிறுத்து, அங்கதான்’ என்று ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிறுத்தி, அவர் முகத்தின் குறுக்கே நிரந்தரமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். மொய் எழுதுகிற காட்சியை யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை. அது இன்றும் பளிச்சென்று இருக்கிறது.

மூலபாடத்தின் அமைப்பு எல்லாக் கல்யாணத்துக்கும் ஒன்றே. கடவுள் வாழ்த்தாகக் கோபுரம். பிறகு இதய வடிவங்கள் பறந்து வந்து மணமக்கள் படமாக விரியும். அடுத்து நிச்சயதார்த்தம், அழைப்பு, முகூர்த்தம், பந்தி. பந்திக் காட்சியே இந்த இலக்கியத்தின் சிகரம் என்பது இவ்வாய்வாளர் துணிபு. ஆயிரம் வாட் லைட்டை ஒருவர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இலை இலையாக வருவார். சாம்பார் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோன கை அப்படியே நிற்கும். கண்கள் கேமராவைப் பார்க்கும், உடனே இலையைப் பார்க்கும், மறுபடி கேமராவைப் பார்க்கும். லைட் நகர்ந்த பின்தான் கவளம் உள்ளே போகும். ஒரு தலைமுறைத் தமிழரில் பெரும்பான்மையோருக்கு அசையும் உருவமாக மிஞ்சியிருப்பது இந்த ஒரு காட்சிதான்.

இடைச்செருகலுக்கு வருவோம். கேசட்டின் முதுகில், இடது ஓரத்தில், சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. உடைந்த குழியில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம். ஒன்று காப்பு, மற்றது காப்பு நீக்கம். இந்த இரண்டாவது வித்தை எல்லா வீட்டிலும் மாமா ஒருவருக்குத் தெரிந்திருந்ததுதான் நம் பண்பாட்டுப் பேரிழப்புக்குக் காரணம். மேட்ச் தொடங்கப் போகிறது, வெற்றுக் கேசட் இல்லை. கைக்கு அகப்பட்டது கல்யாணம். மாலை மாற்றுவார்கள், மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராவார், சட்டென்று வானவில் போல நிறங்கள் குழம்பி, மூன்றாவது ஓவர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வானவில் முக்கியமான சான்று. சாதாரண டெக்கில் அழிக்கும் ஹெட் அசையாமல் ஓரிடத்தில் இருந்து நாடாவை நேர்குறுக்காக அழிக்கிறது. எழுதும் ஹெட் சாய்வாக எழுதுகிறது. இரண்டும் பொருந்தாத இடத்தில் பழையதும் புதியதும் கலந்துபோகும். ஏட்டில் இடைச்செருகலைக் கண்டுபிடிக்க நடை, சந்தம், சொல்லாட்சி என்று புலவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இங்கே செருகிய இடம் கலரிலேயே தெரிந்துவிடுகிறது.

செருகலைப் பழிப்பதும் பதிப்பாசிரியருக்கு அழகன்று. அந்த மேட்சுக்கு நடுவே ஓடிய விளம்பரம், செய்தி வாசிப்பு, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை, இவையெல்லாம் நிலையங்களிலேயே இல்லாமல் போயிருக்கலாம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, 2012இல் இறக்கும் வரை, டிவி செய்திகளை இரவு பகலாகப் பதிந்து சுமார் 70,000 கேசட் சேர்த்து வைத்தார். பைத்தியம் என்றிருப்பார்கள். பின்னர் இணைய ஆவணக் காப்பகம் அவற்றைப் பெற்றுக்கொண்டது. நம் மாமா ஒரே கேசட்டோடு நின்றுவிட்டார் என்பதுதான் குறை.

கடல் கடந்த பிரதிகளின் கதை தனி. ரொறன்ரோவில் கல்யாணம், கேசட் யாழ்ப்பாணத்துக்கு வருகிறது. கனடா என்டிஎஸ்சி முறை, இலங்கை பால் முறை. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத ஊரில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் தேடி ஊற்றி, அயலட்டையை எல்லாம் கூப்பிட்டு இருத்திவிட்டு டெக்கில் போட்டால் படம் நில்லாமல் உருளும். ‘பிள்ளை, ஒண்டும் விளங்கேல்லை, மாப்பிள்ளைக்குத் தலை எது கால் எது எண்டே தெரியேல்லை’ என்று தாய் கடிதம் எழுத, ‘அம்மா, வேற கொப்பி அடிச்சு அனுப்புறன்’ என்று பதில் வரும். பிரான்சின் செகாம் முறையில் பதிந்தது பால் டெக்கில் ஓடும், ஆனால் நிறம் வராது; சிவப்புக் கூறை கறுப்பாகத் தெரியும். மூன்று முறையும் பாடும் மல்டி சிஸ்டம் டெக் வைத்திருந்தவர் வீடு அக்காலத்தில் அரங்கேற்ற மண்டபம். ஒரே குடும்பம் மூன்று நாட்டில் சிதறி, ஒருவர் கல்யாணத்தை மற்றவர் பார்க்க முடியாமல் போனதற்குப் போரோடு இந்தப் பொறியாளர்களும் பொறுப்பு.

ஏக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கேசட் ஏக்கம் கொண்டவர்கள் பென்சிலையும் கேசட்டையும் சேர்த்துப் படம் போடுகிறார்கள். பென்சில் ஆடியோ கேசட்டுக்கு உரியது. வீடியோ கேசட்டின் அடியில் நடுவே உள்ள துளைக்குள் எதையாவது விட்டுப் பூட்டை விடுவித்தால்தான் சக்கரமே சுற்றும். இது தெரியாதவர் ஏக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தெரிந்தவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 240 வரிப் படம் அது, அன்றைக்கே சுமார்.

அழிவுநிலை மூன்று. பூஞ்சணம் முதலாவது, கடலோர ஊர்களில் ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளை நூல் போலத் தெரியும். இரண்டாவது பழைய பேப்பர்காரர். இரும்பு, பித்தளை, பால் கவர் வரை எடைபோட்டு எடுப்பவர் கேசட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்றாவதே பயனுள்ளது. நாடாவை உருவி வயலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிறார்கள். வெயிலில் மின்னி, காற்றில் ஓவென்று இரைந்து பறவைகளை விரட்டுகிறது. உ.வே.சா. ஏடு தேடி வீடு வீடாகப் போனபோது ஆற்றில் விடப்பட்டும் தீயில் இடப்பட்டும் போன சுவடிகளைப் பற்றிக் கேட்டுக் கலங்கினார். நாம் கதிரையாவது காப்பாற்றுகிறோம்.

காந்த நாடாக்களை ஓட்டும் கருவிகள் 2025 வாக்கில் கிடைப்பதே அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோவின் ஆதரவோடு 2019இல் உலகக் காப்பகங்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. எனவே வாசகர்களுக்கு விண்ணப்பம். கேசட்டை இறக்குங்கள். பூஞ்சணம் இருந்தால் எந்த டெக்கிலும் போடாதீர்கள். டெக்குக்கும் ஒட்டி அடுத்தவர் கல்யாணத்துக்கும் பரவும். டிஜிட்டலாக மாற்றித் தரும் ஸ்டுடியோ உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், டெக் ஓடுகிறதா என்று வேண்டாத கேசட் ஒன்றை அவர்கள் போட்டுக் காட்டிய பிறகே உங்களுடையதைக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் முதுகிலுள்ள அந்தப் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடைத்துவிடுங்கள். செல்லோ டேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். அடுத்து, அந்த மாமா இன்னும் இருந்தால், மேட்ச் முடிவு என்ன என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.