பட்டினப்பாலைக்கு 451 ரூபாய் 50 காசு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை மொத்தம் 301 அடி. அதற்குக் கரிகாலன் பதினாறு லட்சம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பதிவு செய்திருக்கிறார். வகுத்துப் பார்த்தேன். அடிக்கு 5,315 பொன், மிச்சம் சில்லறை.

எழுத்துக் கூலி விஷயத்தில் எனக்கு வகுத்துப் பார்க்கும் வியாதி உண்டு. இணையத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலைக்குச் சொல்லுக்கு 30 பைசா. இதே ரேட்டில் உருத்திரங்கண்ணனாருக்கு எவ்வளவு வந்திருக்கும்? அடிக்கு ஐந்து சொல் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,505 சொல். 451 ரூபாய் 50 காசு. அதுவும் முதல் தடவையில் வந்திருக்காது. ‘சோழநாட்டின் சிறந்த துறைமுகம்’ என்ற கீவேர்டு ஏழு இடத்தில் வரவில்லை, தலைப்பில் ஊர்ப் பெயர் இல்லை, வாக்கியங்கள் நீளம் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அவர் பாடிய காவிரிப்பூம்பட்டினம் ஒன்றும் தூரத்தில் இல்லை. எங்கள் ஊரான காரைக்காலிலிருந்து வடக்கே போய்த் தரங்கம்பாடியைத் தாண்டினால் வந்துவிடும். அந்தப் பாட்டின் கதையைக் கேட்டால் வயிறு இன்னும் எரியும். பொருள் தேடக் கிளம்ப வேண்டிய தலைவன், அந்தப் பட்டினத்தையே கையில் கொடுத்தாலும் இவளை விட்டு நகர மாட்டேன் என்று வீட்டோடு உட்கார்ந்துவிடுகிறான். வீட்டை விட்டு நகராதவனைப் பற்றி எழுதியதற்குப் பதினாறு லட்சம். நான் நகராமலே இருக்கிறேன். எனக்கு மின்கட்டணம் கட்டவே இழுபறி.

எங்கள் ஊரில் வேலை என்றால் சட்டையை இன் பண்ணி வெளியே கிளம்ப வேண்டும். நிரவிப் பக்கம் ஓ.என்.ஜி.சி., வாஞ்சூர்ப் பக்கம் துறைமுகம், இல்லையென்றால் புதுச்சேரி அரசுப் பணி. இதில் எதுவும் இல்லாமல் மாதம் பிறந்தால் பணம் வருவது சொல்தா வீடுகளில்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தா, 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பம், இப்போது யூரோவில் பென்ஷன். அவர்கள் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை, உயிரோடு இருப்பதாக ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும். இந்த நான்கிலும் சேராத நான் பகல் பதினொரு மணிக்குக் கைலியோடு திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்தால், தெருவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

“என்னா வேலடா தம்பி?” என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா.

“எழுதுற வேல, பெரியம்மா.”

“யாருக்கு?”

“அமெரிக்காவுல ஒரு பல் டாக்டருக்கு. அவரு பேருல நான் எழுதித் தருவேன்.”

“ஏன், அவருக்குக் கையில என்னா?”

அன்று சாயங்காலமே தெருவில் பாதிப் பேருக்கு, அமெரிக்காவில் கை விளங்காத ஒரு பல் டாக்டர் இருப்பதும், எங்கள் வீட்டுப் பையன் அவருக்கு ஒத்தாசையாக இருப்பதும் தெரிந்துவிட்டது. அம்மா மறுக்கவில்லை. “சும்மா இருக்கான்” என்பதை விட இது கௌரவம்.

வேலை செய்வதில் எனக்குக் கஷ்டமே இல்லை. தேடுவதில்தான். ஈலான்ஸ், ஓடெஸ்க் என்று தனித்தனியாக இருந்த இரண்டு சந்தைகள் ஒன்றாகி 2015-இல் அப்வொர்க் என்று பெயர் வைத்துக்கொண்டன. அங்கே வேலை கேட்பதற்கே காசு. ‘கனெக்ட்ஸ்’ என்று டோக்கன், ஒன்று 15 அமெரிக்க சென்ட், ஒரு விண்ணப்பத்துக்குப் பல டோக்கன் கேட்கும். ஃபைவரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நூறு டாலர் சம்பாதித்தால் இருபதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இவற்றில் கணக்குத் தொடங்குவதும் எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு பூகோளத் தேர்வு. சுற்றிலும் தமிழ்நாடு, ஆள்வது புதுச்சேரி. படிவத்தில் புதுச்சேரியைத் தேடினால் இருக்காது, 2006-இல் மாறிய பழைய பெயரில் ‘பாண்டிச்சேரி’ என்று ஒளிந்திருக்கும்.

நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை, அவர்கள் குளிர்காலத்தில் ஏழரை. ஊரே கடைத்தெருவுக்குக் கிளம்பும் நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு, ‘உங்கள் விளம்பரத்தைக் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தேன்’ என்று முன்பின் தெரியாதவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருப்பேன்.

பதில் போடுகிறவர்கள் முதலில் கேட்பது சாம்பிள். கொடுத்தால், “அருமை, இதே மாதிரி இன்னொன்று” என்பார்கள். எங்கள் ஊர்க் காரைக்கால் அம்மையார் கதையில், கணவன் பரமதத்தன் புனிதவதியாரிடம் (அம்மையாரின் இயற்பெயர்) இதைத்தான் கேட்டான். அம்மையாருக்கு இரண்டாவது மாங்கனியை இறைவன் கொடுத்தான், அதற்காக ஆனிப் பௌர்ணமிக்கு ஊரே இன்றைக்கும் மாடியிலிருந்து மாம்பழத்தை இறைக்கிறது. என் இரண்டாவது சாம்பிளை நானேதான் எழுதியாக வேண்டும். அம்மையாரின் கணவன், அதற்கும் அடுத்துக் கேட்ட கனி கைக்கு வந்ததும் மறைந்துவிட, ஆடிப்போய், பிறகு கப்பலேறி ஊரை விட்டே போனான். இந்த விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளர்கள் புராணத்தை அப்படியே பின்பற்றுகிறார்கள்.

தப்பித் தவறிப் பணம் வந்தால் அதற்கும் ஒரு விசாரணை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு அது எதற்காக வந்தது என்று ஒரு குறியீடு சொல்ல வேண்டும், ரிசர்வ் வங்கியின் விதி. கவுன்ட்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பிரான்ஸ் பென்ஷனா? தாத்தா பேரு சொல்லுங்க” என்றார். சொந்த உழைப்பு சார் என்றதும் அவர் முகத்தில் என் மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. பல் டாக்டர் உட்படப் பலர் அத்தோடு காணாமல் போனார்கள். கொஞ்ச நாளில் சிலர் திரும்பி வந்தார்கள், புது வேலையோடு. இயந்திரம் எழுதியதை மனிதன் எழுதிய மாதிரி மாற்றித் தர வேண்டும், அரை விலைக்கு. ஒருவர் நான் சொந்தமாக எழுதிய கட்டுரையையே கண்டுபிடிப்பான் ஒன்றில் போட்டு, இது இயந்திரம்தான் என்று திருப்பினார். சாட்ஜிபிடியை உண்டாக்கிய ஓப்பன்ஏஐயே துல்லியம் போதவில்லை என்று தன் கண்டுபிடிப்பானை 2023 ஜூலையில் மூடிவிட்டதைச் சுட்டிக்காட்டி உருக்கமாக ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கடிதமும் இயந்திரம் எழுதியதாம்.

கடைசியில் சோறு போட்டது சங்க இலக்கியம்தான். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் வாங்கி வருகிறவன், வழியில் வாடி நிற்பவனைப் பார்த்து, இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ, வழியில் இன்னது கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. நம் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில் இந்த வேலையும் பார்த்திருக்கிறார். கமிஷன் எடுத்ததாகத் தகவல் இல்லை. எனக்கு அது வாட்ஸ்அப்பில் வந்தது. கூடப் படித்த நாகூர்த் தோழி ஒருத்தி, கையில் வேலை அதிகமாகிப்போய் அனுப்பினாள்: ‘சிங்கப்பூர், சரக்குக் கப்பல் கம்பெனி. மாதம் நாலு கட்டுரை. சொல்லுக்கு மூணு ரூபா. அஞ்சாம் தேதி பணம் வரும். கப்பல் பத்தித் தெரியுமான்னு கேட்டா, துறைமுகத்து ஊர்னு சொல்லு.’ சொன்னேன். துறைமுகத்தை நான் பெரும்பாலும் பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. சந்தைகளில் தேடி வாங்கிய எதுவும் இந்த அளவு நீடிக்கவில்லை.

அந்தக் கம்பெனியில் யார் முகத்தையும் நான் பார்த்ததில்லை. மீட்டிங்கில் எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், நேரில் பார்க்காமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. ஐந்தாம் தேதி மட்டும் அவரை நினைப்பதில்லை.

போன மாதம் பெரியம்மாவின் பேத்தி வந்து, “அண்ணே, எனக்கும் இந்த மாதிரி வேல கெடைக்குமா?” என்றாள். பி.ஏ. முடித்த பெண். நானும் ஓர் ஆற்றுப்படை எழுதி அனுப்பினேன். முன்பணம் கேட்பவனிடம் போகாதே. சாம்பிளுக்கும் காசு வாங்கு, இலவசமாக ஒரு பத்திகூட எழுதாதே. பணம் வரும் தேதியை எழுத்தில் வாங்கு. இப்படி ஒரு பக்கம். கடைசியில், சிங்கப்பூரில் உன் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன், அவர்களுக்குக் காட்ட ஒரு கட்டுரை எழுதி அனுப்பு என்று சேர்த்திருந்தேன்.

உடனே பதில் வந்தது. “சரிண்ணே. சொல்லுக்கு எவ்வளவு தருவீங்க?”