வேகத்தின் வித்தகரே, வாழ்க!

இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் பன்றி வளர்க்கும் வித்தகரே, உங்களை மெச்சாமல் இருக்க முடியவில்லை. பார்மா ஊரில் உப்பிட்டு உலர்த்தும் பன்றித்தொடையான பார்மா ஹாமுக்கான பன்றி குறைந்தது ஒன்பது மாதம் வளர வேண்டும், ஏறக்குறைய 160 கிலோ எட்ட வேண்டும் என்று அந்த ஊர் முன்னோர் முறை வைத்திருந்தார்கள். நீங்கள் காலத்துக்கே கடிவாளம் போட்டுவிட்டீர்கள். அனுமதிப் பட்டியலில் இல்லாத டென்மார்க் டியூராக் இனத்து ஆண் பன்றியின் விந்தைத் தருவித்தீர்கள். குட்டிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. சதை கூடியது, முதுகுக் கொழுப்பு மெலிந்தது. பிறகு விசாரணை வந்ததும், லட்சக்கணக்கான தொடைகள் பார்மா என்ற பெயரை இழந்ததும் உண்மைதான். ஆனால் வேகம் என்று பார்த்தால் உங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

கொழுப்பைக் குறைத்ததில் உங்கள் தாராளத்தையும் சொல்ல வேண்டும். தொடையின் மேல் கெட்டியாக ஒரு வெள்ளைப் போர்வை இருந்தால் உப்பு மெல்ல இறங்கும், ஈரம் மெல்ல வெளியேறும். நீங்கள் அந்தப் போர்வையை உருவிவிட்டீர்கள். இப்போது உப்பு தடையின்றி உள்ளே போகிறது, நீர் தடையின்றி வெளியே வருகிறது. ஓராண்டுக்கு மேல் கொட்டகையில் தொங்கி இறங்கும்போது எடையும் குறைந்து, உப்பும் கரித்து நிற்கிறது தொடை. எடைக்கு விற்கும் ஹாம்காரருக்கு நீங்கள் செய்த உபகாரம் இது.

தீவனத்தில் உங்கள் சிக்கனம் இன்னும் பெரிது. மக்காச்சோளத்தைக் கொட்டினீர்கள். எண்ணெய் மிகுந்த சோயா, மக்காச்சோளத்தில் எத்தனால் வடித்தபின் மிஞ்சும் சக்கை என்று மலிவாகக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தீர்கள். பன்றி உங்களுக்கு விசுவாசமாகவே நடந்துகொண்டது. மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் எண்ணெயின் தன்மையை மாற்றிவிடும். பன்றிக்கு அந்த வயிறு கிடையாது. தின்ற எண்ணெய் பெரும்பாலும் அப்படியே தோலடியில் போய்ப் படிகிறது. மாவுச்சத்திலிருந்து தன் உடம்பே கட்டிக்கொள்ளும் கொழுப்புதான் கெட்டியானது. பார்லியும், பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரும் தின்று நிதானமாகக் கொழுத்த பன்றியிடம் அது நிறைய இருக்கும். நீங்கள் வளர்த்த மெலிந்த பன்றி தானாகக் கட்டிக்கொள்வது சொற்பம். ஆகையால் அதன் கொழுப்பில் உங்கள் தீவனத்தின் எண்ணெயே மேலோங்கி நிற்கிறது. உங்கள் கைவண்ணம் அதில் அச்சாகத் தெரிகிறது.

அந்த எண்ணெயில் மிகுந்திருப்பது லினோலெயிக் அமிலம். கெட்டிக் கொழுப்பில் உள்ள ஸ்டீயரிக் அமிலம் உருக 70 டிகிரி வெப்பம் வேண்டும்; லினோலெயிக் அமிலமோ பூஜ்யத்துக்குக் கீழேயே உருகிக் கிடக்கும். இது மிகுந்தால் கொழுப்பு விரலுக்கு வழுவழுவென்று நெகிழ்கிறது, வெட்டும்போது சதையைவிட்டு நழுவுகிறது. அதைவிட மோசம், காற்றுப்பட்டால் இது ஓலிக் அமிலத்தைவிடப் பல மடங்கு விரைவில் கெடும். மஞ்சள் பூக்கும், காறும், சிக்கு வாடை வீசும். சமைத்து அன்றே தின்னும் கறிக்கு இது பெரிய குற்றமில்லை. மாதக்கணக்கில் காற்றில் தொங்கும் தொடைக்கு இதுதான் எமன். அதனால்தான் பார்மா விதிகள் தோலடிக் கொழுப்பு எவ்வளவு நெகிழ்வானது என்று காட்டும் அயோடின் எண் 70-ஐயும், லினோலெயிக் அமிலம் 15 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்றன. தீவனத்தின் உலர்எடையில் அது 2 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்றும் கோடு கிழித்தன. கோடுகளைத் தாண்டுவதில் உங்களுக்கு இணை உண்டா?

தொங்கிய தொடையின் பதம் பார்க்கும் நிபுணர் ஒருவர் இருக்கிறார். குதிரை எலும்பில் செதுக்கிய ஊசியைத் தொடையில் குத்தி, வெளியே இழுத்து, மூக்கருகே கொண்டுபோவார். நுண்துளை நிறைந்த அந்த எலும்பு வாசனையைச் சட்டென்று ஏற்கும், சட்டென்று விட்டுவிடும்; உடனே அடுத்த இடத்தில் குத்தலாம். ஓராண்டுக்கும் மேலாக உப்பு பூசியவர், கழுவியவர், திறந்த சதையில் பன்றிக்கொழுப்பும் அரிசிமாவும் குழைத்து மெழுகியவர் எல்லாரும் பட்ட பாட்டுக்குத் தீர்ப்பு அந்த ஒரு மூச்சில் இருக்கிறது. பன்றி உயிரோடிருந்தபோது தொட்டியில் நீங்கள் கொட்டிய தீவனம் அந்தத் தீர்ப்பைப் பாதி எழுதி முடித்திருக்கும். இத்தனை பேர் உழைப்பின்மேல் எட்டத்திலிருந்தே கைவைக்க முடிந்த உங்கள் செல்வாக்கு சாமானியமானதா?

ஸ்பெயினில் உள்ள உங்கள் சகாக்களும் பாராட்டுக்குரியவர்கள். ஐபீரியப் பன்றி இலையுதிர் காலம் தொடங்கி ஓக் காட்டில் அலைந்து கொட்டை பொறுக்கித் தின்னும். அதனால் அதன் கொழுப்பில் ஓலிக் அமிலம் மிகும். மரம் எதற்கு, நடை எதற்கு என்று ஓலிக் மிகுந்த சூரியகாந்தியைத் தீவனத்தில் கலந்தார்கள் இவர்கள். கொழுப்பமிலக் கணக்கு மட்டும் பார்க்கும் ஆய்வுக்கூடம் திணறிப்போனது. 2014 முதல் கருப்பு, சிவப்பு, பச்சை, வெள்ளை என்று தொடைக்கு நிறப்பட்டை மாட்டி, மேய்ந்த பன்றி எது, பட்டியில் தின்ற பன்றி எது என்று சட்டம் பிரிக்கிறது.

உங்களை மட்டும் புகழ்ந்தால் நியாயமாகாது. கசாப்புக்கூட வாசலில் மெலிந்த சதையின் விழுக்காட்டை அளந்து, அதற்கு மட்டும் காசு கூட்டிக் கொடுப்பவரும் இந்தப் பெருமையில் பங்குதாரர்தான். அவர் கொழுப்பின் கெட்டித்தன்மைக்கு ஒரு சல்லியும் தருவதில்லை. ஒன்பது மாதம் பொறுமையாகத் தீனி போட்டவரைவிட அவசரக்காரருக்கே அவரிடம் விலை கூடுதல். ஹாம்காரர்களே, தொடையை வாங்கும்போது அதன் கொழுப்பின் அயோடின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். நல்ல கொழுப்புக்கு ஒரு காசு கூடக் கொடுங்கள்.