வாயில் வேண்டலும் வாயில் மறுத்தலும்: உலாவி அறிவிப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தலைப்பு விளக்கம்

தலைப்பிலுள்ள ‘வாயில்’ என்பது வாசற்கதவு அன்று. வாசலில் வந்து நிற்கும் தூதர் என்க. ஊடியிருக்கும் தலைவியிடம் நேரே வர அஞ்சும் தலைவன் ஆள் அனுப்புவான். அப்படி அனுப்பத்தக்கோர் தோழி தொடங்கிக் கண்டோர் வரை பன்னிருவர் என்று தொல்காப்பியக் கற்பியல் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பட்டியல் நெடுங்காலம் அப்படியே நின்றது. பதின்மூன்றாமவர் வந்து சேர்ந்தது 2015 ஏப்ரலில். அம்மாதம் வெளியான குரோம் 42ஆம் பதிப்பில்தான், ஒரு தளத்தை மூடிவிட்டு நாம் வேறு வேலைக்குப் போன பிறகும், அந்தத் தளம் தேடி வந்து திரையோரம் தலைநீட்டும் வசதி அந்த உலாவிக்குக் கிடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2016 ஜனவரியில் பின்தொடர்ந்தது. ஐபோன் மட்டும் கதவைச் சாத்தியே வைத்திருந்து, 2023 மார்ச்சில், முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்ட தளங்களுக்கு மாத்திரம் திறந்துவிட்டது.

இக்களத்தில் தமிழில் எழுந்த முனைவர் பட்ட ஆய்வேடு எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. அதற்கான தேவையும் யார் கண்ணிலும் படவில்லை போலும்.

ஆய்வு எல்லையும் சான்றுகளும்

ஆய்வு எல்லை: எங்கள் வீட்டுக் கூடம். முதன்மைச் சான்று: அப்பாவின் மடிக்கணினி. துணைமைச் சான்று: அப்பா.

துணைமைச் சான்று பற்றிச் சிறு குறிப்பு. மின் கணக்கெடுக்க வருபவர், தேர்தல் நோட்டீஸ் கொடுப்பவர், முகவரி தவறி வந்தவர் என யாரையும் தண்ணீர் கொடுக்காமல் வாசலிலிருந்து அனுப்பியறியாதவர் அவர். மடிக்கணினி வாங்கிய நாள் முதல், “அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது” என்று எந்தத் தளம் வந்து நின்றாலும் ‘அனுமதி’யையே அழுத்தி வந்திருக்கிறார். காரணம் வினவப்பட்டது.

“விரும்புறேன்னு மரியாதையா கேக்குறாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி ‘தடு’ன்னு எப்படிடா அமுக்குறது?”

பயன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஈடு இட்லி வேகும் நேரத்துக்குள் பதினொரு அறிவிப்புகள் வந்தன. மகர ராசிக்காரர்களுக்கு எச்சரிக்கை ஒன்று (அப்பா கன்னி ராசி). புறநகரில் வீட்டுமனை இரண்டு. முந்தின நாளே முடிந்துபோன ஆட்டத்தின் ஸ்கோர். ஐந்தே நிமிடத்தில் பன்னீர் பட்டர் மசாலா. ஏனையவை, பார்த்தால் அதிர்ச்சியடைவீர்கள் என்ற வகையைச் சேர்ந்தவை. அப்பா எதையும் பார்க்கவில்லை. எனவே அதிர்ச்சியும் அடையவில்லை. “வந்தவங்க சொல்லிட்டுப் போகட்டும்” என்று ஒவ்வொன்றும் தானே மறையும்வரை காத்திருந்தார்.

இயல் 1: கூற்று

அகப்பாடலைக் கையில் எடுத்தால் முதலில் கேட்க வேண்டியது ‘இது யார் கூற்று?’ என்பது. “இந்தத் தளம் அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது” என்ற தொடரைத் தளத்தின் கூற்று என்பாரும் உளர். அது பொருந்தாது. தளம் அப்படிப் பேச முடியாது. விருப்பத்தை உலாவியின் காதில் போடத்தான் முடியும். அதை நம்மிடம் எடுத்துரைப்பது உலாவி. எனவே இது தோழி கூற்று. அனுமதி கொடுப்பது வாயில் நேர்தல். தடுப்பது வாயில் மறுத்தல். இவ்விரு துறைப் பெயரும் சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் உள்ளவையே. இவ்வாய்வாளர் புனைந்தவை அல்ல.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. இரண்டையும் அழுத்தாமல் பெட்டியை மூடிவிட்டுப் போவது. பேசாத ஊடல் என்று இதைக் கொள்ளலாம். இந்த நிலையில் உள்ளவரிடம் தளம் மறுபடியும் வந்து கேட்கலாம். தடுத்தவரிடம் கேட்க முடியாது. தளம் எத்தனை முறை காதில் போட்டாலும் தோழி வாய் திறக்கமாட்டாள். ‘முன்பே மறுத்தாயிற்று’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். மனம் மாறினால் தலைவியே எழுந்துபோய், முகவரிப் பட்டையை ஒட்டிய சின்னத்தை அழுத்தி, அமைப்புகளுக்குள் நுழைந்து தாழ்ப்பாளை நீக்க வேண்டும். இந்த விதியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இவ்வாய்வாளர் மறந்துபோனார், அதன் விளைவு இயல் 4இல்.

இயல் 2: தூது செல்லும் முறை

தளம் நேராக நம் கணினிக்கு வருவதில்லை. உலாவியைச் செய்த நிறுவனம் நடத்தும் ஓர் இடைநிலை அஞ்சலகத்தில் செய்தியைக் கொடுக்கிறது. அஞ்சலகம் கணினியை எழுப்புகிறது. உலாவிக்குள் அந்தத் தளத்தின் பெயரில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் ‘சர்வீஸ் ஒர்க்கர்’ என்ற நிரல் கண்விழித்துச் செய்தியைத் திரையில் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. செய்தி அரக்கு முத்திரையிட்ட ஓலைபோலக் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் இடையிலுள்ள அஞ்சலகத்தார் படிக்க முடியாது. தூதருக்குச் செய்தி தெரியாது என்ற இந்தக் கட்டுப்பாடு தொல்காப்பியப் பன்னிருவரில் எவருக்கும் இல்லை. பாணனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான்.

தொடக்க காலத்து நிலைமை இன்னும் சுவையானது. குரோமில் 2016 வரை, அஞ்சலகம் கணினியைத் தட்டி எழுப்பும். கையில் செய்தி எதுவும் இராது. எழுந்தவர்தான் தளத்துக்கு ஓடிப்போய், ‘எதற்காக எழுப்பினீர்கள்?’ என்று விசாரித்துவர வேண்டும். வீட்டில் மதியத் தூக்கம் போடுபவர்களுக்கு இது பழகிய அனுபவமே.

எழுந்தும் எதையும் காட்டாமல் மறுபடி படுக்க முயன்றால் குரோம் விடுவதில்லை. இத்தளம் பின்னணியில் புதுப்பிக்கப்பட்டது என்ற பொருளில் தானே ஒரு வாசகத்தைத் திரையில் போட்டுவிடும். கதவைத் தட்டியவன் காரணம் மறந்து விழிக்க, ‘ஏதோ சொல்லத்தான் வந்தான்’ என்று தோழி சமாளிக்கும் இடம் இது.

இத்தூதுக்கு இலக்கணம் உண்டு. 2016 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 8030 என்ற ஆவணமே அது. உரையாசிரியர் வாய்க்காத நூல் என்பதால் சில இடங்கள் இங்கே விளக்கப்படுகின்றன.

முதலாவது, ஆயுள். ஒவ்வொரு செய்தியும் எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்பதை அனுப்புவோர் எழுதியே ஆக வேண்டும். சுழியம் என்று எழுதினால், ஆள் இருந்தால் கொடு, இல்லையேல் கிழித்துப் போடு என்று பொருள். ஆட்டம் முடிந்த மறுநாள் ஸ்கோர் வந்ததற்குக் காரணம், அனுப்பியவர் இந்த இடத்தில் தாராளமாக எழுதியது.

இரண்டாவது, பொருட்பெயர். ஒரே பெயருடைய இரு செய்திகள் அஞ்சலகத்தில் காத்திருக்க நேர்ந்தால், புதியது பழையதைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். மூன்றாவது விக்கெட் விழுந்த பிறகு இரண்டாவது விழுந்த செய்தி யாருக்கு வேண்டும்?

மூன்றாவது, அவசரம். மிகத் தாழ்வு, தாழ்வு, இயல்பு, உயர்வு என நான்கு தரம். எடுத்துக்காட்டுகளையும் ஆவணமே தருகிறது. பேட்டரி தீரும் நிலையிலும் போய்ச்சேர வேண்டிய உயர்தரத்துக்கு, தொலைபேசி அழைப்பு. இயல்புக்கு, அரட்டைச் செய்தி. கருவி மின்னூட்டத்திலும் வைஃபையிலும் இருக்கும்போது மட்டும் போனால் போதும் என்ற மிகத் தாழ்வுக்கு, விளம்பரம். இலக்கணம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வீட்டுமனை எப்படி இட்லிக்கு முன்னால் வருகிறது? தரத்தை நிரப்புவது அனுப்புவோர். நிரப்பாமல் விட்டால் ‘இயல்பு’ என்றே கொள்ளப்படும். தம்மைத் தாமே மிகத் தாழ்வு என்று எழுதிக்கொள்ளும் விளம்பரதாரரை எந்த இலக்கணத்தாலும் உண்டாக்க முடியாது.

இயல் 3: மறுத்தல்

இவ்வாய்வின் கருதுகோள்: மாந்தர் அறிவிப்புகளை வெறுக்கின்றனர், ஒழித்துக்கட்டினால் மகிழ்வர்.

இதற்கு ஆதரவாக மொசில்லா நிறுவனத்தின் கணக்கு ஒன்று உண்டு. 2018 டிசம்பர் 25 முதல் 2019 ஜனவரி 24 வரை, ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் மட்டும் இந்த அனுமதிக் கேள்வி ஏறத்தாழ 1.8 கோடி முறை எழுந்தது. சம்மதம் கிடைத்தது 3 சதவீதத்துக்கும் குறைவு. ஏறக்குறைய 19 சதவீதத்தில், கேள்வியைப் பார்த்ததும் ஆள் தளத்தைவிட்டே கிளம்பிவிட்டார். 2020 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 72, இந்தப் பெட்டி தானாகக் குதிப்பதை நிறுத்தி, முகவரிப் பட்டையில் ஒரு சின்னஞ்சிறு சின்னமாக ஒடுக்கியது. மறுமாதமே குரோம் 80 அதேபோல் அடக்கி வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

ஆனால் அதே கணக்கின் அடுத்த வரி கருதுகோளை இடறுகிறது. கேமராவையும் மைக்கையும் கேட்டபோது ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சம்மதித்தார்களாம். முகத்தையும் குரலையும் கேட்டால் சரி என்கிறவர்கள், ஒரு வரிச் சேதியைக் கேட்டால் ஓடுவானேன்? கேமராவை, நாமே தலைசீவிக்கொண்டு வீடியோ அழைப்புக்கு உட்கார்ந்த பிறகு கேட்கிறார்கள். அறிவிப்பையோ, நாம் செருப்பைக்கூடக் கழற்றாத நேரத்தில் கேட்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி வருமுன்பே மண்டபத்துக்கு முன்பணம் கேட்பது போன்றது இது.

இயல் 4: கருதுகோள் தோற்ற வரலாறு

மேற்படி வரியை ஆய்வாளர் பிந்திப் படித்தார். அதற்குள், அப்பா நடைப்பயிற்சிக்குப் போயிருந்த ஒரு காலையில், அவர் மடிக்கணினியின் அமைப்புகளுக்குள் புகுந்து, அனுமதி பெற்றிருந்த தளங்கள் அனைத்தையும் பெயர்கூடப் பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்துவிட்டார். கூடம் அமைதியானது. ஆய்வாளர் தம் முதுகில் தாமே தட்டிக்கொண்டார்.

நான்காம் நாள் அப்பா கேட்டார்: “டேய், நெட்டு ஏதாச்சும் கட்டா? கறிவேப்பிலைக்கு இன்னும் பதிலே வரலையே.”

விசாரணையில் வெளிவந்தது இது. மாடித்தோட்டக்காரர்கள் கூடிப் பேசும் குழுமம் ஒன்றில், தொட்டியிலிருக்கும் கறிவேப்பிலை துளிர்விடவில்லை என்று படத்தோடு ஒரு கேள்வி போட்டிருக்கிறார். கேள்விக்குக் கீழே மணிச் சின்னம் ஒன்று இருந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதில் வந்தால் சொல் என்று தாமே அதைத் தேடி அழுத்தியிருக்கிறார். வந்ததில் அவர் திறந்து படித்ததும் அந்த ஒரு தளத்தின் அறிவிப்பைத்தான். வீட்டுமனையோடும் மகர ராசியோடும் சேர்த்து அதையும் ஆய்வாளர் கொன்றிருந்தார். தடுத்தபின் தளம் மறுபடி கேட்காது என்ற விதி இங்கே பழிதீர்த்தது. பதில் மூன்று நாளாக அங்கேயே காத்துக்கிடந்தது.

தாழ்ப்பாள் நீக்கப்பட்டது. மற்றவற்றையும் திறந்துவிடட்டுமா என்று ஆய்வாளர் கேட்டார்.

“எதுக்கு? அதெல்லாம் என்னைக் கேட்டது. இது நான் கேட்டது.”

தொகுப்புரை எழுத ஒதுக்கியிருந்த இரண்டு பக்கமும் இதனால் மிச்சமாயின.

மேலாய்வுக் களம்

குழுமத்தில் வந்திருந்த பதில்: நுனியைக் கிள்ளிவிட்டு, புளித்த மோரில் தண்ணீர் கலந்து ஊற்றவும். வீட்டில் இருந்த மோர் புளிக்கவில்லை. கிண்ணம் இரண்டு நாளாகச் சமையலறை மேடையில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அது புளித்துவிட்டதாக எந்த அஞ்சலகமும் வந்து சொல்லப்போவதில்லை. ஆய்வாளர்தான் வேளைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து முகர்ந்துபார்த்து வருகிறார்.