என்ஜாய் அண்ணன்

திண்டுக்கல்–நத்தம் சாலையில் எந்த ஊரில் இறங்கினாலும் டீக்கடை பெஞ்சில் ஓர் என்ஜாய் அண்ணன் உட்கார்ந்திருப்பார். சாணார்பட்டி அண்ணன் அதில் முற்றின ரகம். புது பைக் வாங்கியவனிடமும் “என்ஜாய் பண்ணுப்பா”, அந்த பைக்குக்குத் தவணை கட்டப் போகிறவனிடமும் “என்ஜாய் பண்ணுப்பா.” நத்தம் மாரியம்மன் மாசித் திருவிழாவில் கழுமரத்தில் பாதி ஏறி, வழுக்கிக்கொண்டு கீழே வந்த பையனுக்கும் அதே ஆசீர்வாதம்தான்.

ஆனால் அண்ணன் என்ஜாய் பண்ணி யாரும் பார்த்ததில்லை.

சிறுமலைக்கு வேன் பேசுவது அவர். 18 கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் முதுகுக்குப் பின்னாலிருந்து “ஹாரன் அடிப்பா” என்பதும் அவரே. மேலே போனதும் இளவட்டங்களை இறக்கி விரட்டிவிட்டு, அவர்களுடைய செல்போன், வாட்ச், பர்ஸ் எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு, குரங்குகளை முறைத்தபடி வேனிலேயே இருப்பார். திரும்பும்போது மலை வாழைப்பழம் பேரம் பேசி ஆளுக்கொரு சீப்பு வாங்கித் தருவார். அவருக்கு வேண்டாம்; சர்க்கரை.

பிரியாணிக் கடையிலும் இதே கதைதான். நாகசாமி நாயுடு 1957இல் திண்டுக்கல்லில் கடை போட்டதில் ஆரம்பித்து, சீரகச் சம்பா ஏன் குழைவதில்லை என்பதுவரை விளக்கி, “அள்ளிச் சாப்பிடுங்கப்பா” என்று தன் பங்குக் கறியையும் பக்கத்து இலைக்குத் தள்ளுவார். அவர் இலையில் தயிர்ச்சோறு இருக்கும்.

ஜல்லிக்கட்டு என்றால் விடியுமுன்பே போய், கேலரியில் துண்டு விரித்து நாலு பேருக்கு இடம் பிடிப்பார். காளை அவிழ்க்கும்போது மோர் வாங்கப் போயிருப்பார். 2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து 2017இல் சட்டம் வந்து மாடு மறுபடி ஓடும்வரை, ஊரிலேயே அதிகம் வாடிப்போனது அவர் முகம்தான். இத்தனைக்கும் ஒரு மாட்டைக்கூட அவர் முழுசாகப் பார்த்தவரில்லை.

மகள் கல்யாணத்தன்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, வாளியும் கரண்டியுமாகப் பந்திக்குப் பந்தி ஓடிக்கொண்டிருந்தார். சிறுமலைக் கோஷ்டியில் ஒருவன் கையைப் பிடித்து நிறுத்தினான். “அண்ணே, இன்னைக்காச்சும் உக்காந்து என்ஜாய் பண்ணுங்கண்ணே!”

அண்ணனுக்கு வந்ததே கோபம்.

“போடா அங்கிட்டு! எல்லாரும் என்ஜாய் பண்ண உக்காந்துட்டா, சாம்பார் யாருடா ஊத்துறது?”