இடப்பக்கம் வட்டி, வலப்பக்கம் வாழை

திருமுல்லைவாயலில் வீடு கட்டுவது என்று முடிவான ராத்திரி, பையனுடைய பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். இடப்பக்கம் மனைவிக்கு, வலப்பக்கம் எனக்கு. அவள் கடனை எழுதுவாள், நான் தோட்டத்தை எழுதுவேன் என்று ஏற்பாடு. நோட்டின் முன்பாதியில் பையன் போட்ட தனிவட்டிக் கணக்குகள். எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் 'சரி' விழுந்திருந்தது. பள்ளிக்கூடக் கணக்கில் கடன் வாங்குகிறவர்கள் 5,000 ரூபாய்க்கு மேல் கேட்பதில்லை, மூன்று வருடத்தில் அடைத்தும் விடுகிறார்கள். எந்த ஊர்க்காரர்களோ.

அவள் அஸ்திவாரம், செங்கல், கம்பி என்று மூன்று வரி எழுதுவதற்குள் நான் மா, பலா, வாழை, நெல்லி, எலுமிச்சை, மாதுளை எல்லாவற்றையும் நட்டுவிட்டேன். வேப்ப மரத்தில் ஓர் ஊஞ்சலும் கட்டியாகிவிட்டது. எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "என்னங்க, நம்மது அரை கிரவுண்டு. 1,200 சதுரடி. நீங்க மாதவரம் தோட்டக்கலைப் பண்ணைக்குப் பிளான் போட்டிருக்கீங்க."

"செடிதானே, நெருக்கி வெச்சுக்கலாம்."

"அப்ப வீட்டை எங்க வைக்கிறது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

என் ஆசைக்குக் காரணம் உண்டு. அம்பத்தூரில் நாங்கள் மாறி மாறிக் குடியிருந்த வாடகை வீடுகள் ஒன்றிலும் செடிக்கு அனுமதி கிடையாது. ஒரு வீட்டுக்காரர் மாடியில் தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்றார். இன்னொருவர் துளசிக்கு மட்டும் ஒப்புக்கொண்டார், அதுவும் ஒரே ஒரு துளசி. பிறகு, இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கேட்டால் யாருக்குத்தான் தோட்ட ஆசை வராது? முல்லைவாயல், மாங்காடு, வேல மரத்துக்கு ஒரு வேற்காடு, பூவுக்கு ஒரு பூவிருந்தவல்லி. பெயர் வைத்தவர்கள் மரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நாம் பெயரைப் பார்த்து மனை வாங்கியிருக்கிறோம்.

மனை அப்பாவுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர், 1991-ல் சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்த மனையைத் தோட்டமாகப் பராமரித்தது இயற்கைதான். எருக்கு, சீமைக்கருவேலம், காக்கை போட்ட விதையில் முளைத்த ஒரு வேம்பு. எருக்கை இளக்காரமாகப் பேசினேன் என்று அப்பாவுக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் சன்னதிக்கு முன்னால் நிற்கும் இரண்டு தூண்களும் வெள்ளெருக்கு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கம்பி விலையை விசாரித்துவிட்டு வந்த அன்று எனக்கும் அந்த யோசனை வந்தது. இன்ஜினியர் ஒப்பவில்லை.

வேம்பு நின்ற இடத்தில்தான் செப்டிக் டேங்க் வருகிறது என்றார் மேஸ்திரி. அப்பா கோயில் கதையை முழுதாக எடுத்துவிட்டார். தொண்டைமான் படையெடுத்து வந்தபோது அவன் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, அவன் வாளால் கொடியை வெட்டினான், வெட்டிய இடத்தில் ரத்தம் வந்தது, பார்த்தால் உள்ளே லிங்கம். சுவாமிக்கு இன்றைக்கும் சந்தனக்காப்பு அந்தக் காயத்துக்காகத்தான். மேஸ்திரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க பெரியவரே, ரத்தம் வந்தா நிறுத்திடறேன்" என்றார். வரவில்லை. ஊஞ்சலும் அதோடு போயிற்று. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்ப ஒரு தென்னம்பிள்ளையாவது வெச்சாகணும்" என்றார். மனையை எனக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தில் இல்லாத, ஆனால் மொத்தப் பத்திரத்தையும்விட கனமான நிபந்தனை அது.

வங்கிக்குப் போனோம். வங்கியில் வீட்டுக்கடன் கேட்கப் போகிறவன் தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத பல விஷயங்களைத் தெரிந்துகொள்கிறான். எனக்கு 900-க்கு ஒரு மார்க் போட்டு வைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எனக்கு யாராவது மார்க் போட்டது அதுதான் முதல் தடவை. எப்போதோ தவறவிட்ட ஒரு கிரெடிட் கார்டு பில், பழைய ஹெட்மாஸ்டர் போல ஞாபகம் வைத்திருந்தது. வயது 40 என்றதும் அதிகாரி முகம் மலர்ந்தது. "கரெக்டா 20 வருஷம் போடலாம் சார். 60-ல முடிஞ்சிடும்." அதாவது நானும் கடனும் ஒரே நாளில் ரிடையர் ஆவோம். எனக்கு மாலை போடும்போது அதற்கும் ஒன்று போடலாம்.

40 லட்சம், எட்டரை சதவீதம், 240 மாதம். மாதத் தவணை 34,713 ரூபாய். மனைவி இடப்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தாள். 83 லட்சத்துச் சொச்சம் வந்தது. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பையனைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள். அவனுக்கும் அதே. முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் 6,380 கழியும். "முதல் சில வருஷம் அப்படித்தாங்க இருக்கும், அப்புறம் பழகிடும்" என்றார் அதிகாரி. வட்டி பழகிவிடும் என்றாரா, எங்களுக்குப் பழகிவிடும் என்றாரா என்று தெரியவில்லை.

எஸ்டிமேட்டில் காம்பவுண்டு சுவர், சம்ப், மோட்டார் எல்லாவற்றுக்கும் கீழே 'தோட்டம் – ரூ.35,000' என்று ஒரு வரியை நான் இன்ஜினியருக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டிருந்தேன். அதிகாரி அதைப் பேனாவால் சுழித்தார்.

"செடிக்கெல்லாம் ஹவுசிங் லோன் கிடையாது சார். வேணும்னா அக்ரி லோன் கேட்டுப் பாருங்க."

"அதுக்கு என்ன வேணும்?"

"நிலம். இல்லேன்னா நகை."

நான் திரும்பிப் பார்த்தேன். மனைவி முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

அடுத்தது பத்திரம். தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் வக்கீல் பார்த்து ஒப்பீனியன் கொடுத்தார். அசல்கள் வங்கிக்குப் போயின. இரும்புப் பெட்டியில் மஞ்சள் தடவி வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கும்போது அப்பா, "தாயையே அடகு வெச்சாச்சு" என்றார். ஒப்பந்தத்தில் எத்தனை பக்கம் கையெழுத்துப் போட்டேன் என்று எண்ணவில்லை. ஒற்றி என்றாலே அடமானம். சுந்தரர் திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறி எல்லை தாண்டினார், கண் பார்வை போயிற்று. அந்த நிலையில் அவர் வந்து நின்று பாடிய ஊர் எங்கள் முல்லைவாயில். ஒற்றியூர் ஒப்பந்தத்தை மீறினவர்கள் கதி என்ன என்பதற்கு இந்த ஊரில் ஏற்கெனவே சாட்சி இருக்கிறது. அவருக்காவது கையெழுத்துப் போட்ட பிறகு கண் போனது. எனக்குப் போடும்போதே தெரியவில்லை, அவ்வளவு பொடி எழுத்து.

ஆபீஸ் நண்பர் ஒருவர் இன்னொன்று சொல்லிக் கொடுத்தார். அவர் 2022 தொடக்கத்தில் இதே 40 லட்சத்தை 7 சதவீதத்துக்கு வாங்கியவர். தவணை 31,012. மிதக்கும் வட்டி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மிதப்பது என்றால் தெப்பம் மாதிரி என்று நினைத்திருக்கிறார். அந்த மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.50-க்குக் கொண்டுபோனது. அவர் வட்டி ஒன்பதரை ஆகிவிட்டது. பாக்கி சுமார் 39 லட்சம் என்று வைத்து இருவரும் டீக்கடையில் கணக்குப் போட்டோம். மாத வட்டி மட்டும் 30,875. அவர் கட்டும் 31,012-ல் அசலுக்குப் போவது 137 ரூபாய்.

"137 ரூபாய்க்கு என்னய்யா வரும்?" என்றார்.

"ஒரு மல்லிச்செடி வரும், தொட்டி இல்லாம" என்றேன். அந்த வாரம் முழுக்க நர்சரிகளில் விலை கேட்டு வைத்திருந்ததால் உடனே சொல்ல முடிந்தது. இந்த வேகத்தில் 39 லட்சத்தை அடைக்க அவருக்கு எத்தனை மல்லிச்செடி ஆகும் என்றும் போட்டோம். கடைக்காரர் டீக்கிளாஸை எடுத்துக்கொண்டார். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரையே கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்ன பிறகு, அவர் தவணையை ஏற்றிக்கொண்டார். இப்போது மல்லிச்செடிக்கும் காசில்லை.

இதற்கிடையில் வலப்பக்கத்தில் மரங்கள் விழத் தொடங்கிவிட்டன. விதிப்படி சுற்றிலும் விட வேண்டிய இடம் எல்லாமே தோட்டம்தான் என்பது என் எண்ணம். அந்த இடத்துக்குத்தான் வீட்டில் உள்ள அத்தனை பேரும் போட்டி என்பது கட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. மாமரம் இருந்த இடத்தில் சம்ப் வந்தது. பலாவை கார் பார்க்கிங் எடுத்துக்கொண்டது. எங்களிடம் கார் இல்லை, ஆனால் பார்க்கிங் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றாள் மனைவி. பையன் எட்டாம் வகுப்பு. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம், எனவே அதன் குழி வாழையை விழுங்கியது. அதிலாவது ஒரு நியாயம் இருந்தது. நெல்லி இருந்த ஈசானிய மூலை காலியாக இருக்க வேண்டும் என்று வாஸ்து தெரிந்த ஒருவர் சொன்னார். காலியாக இருக்க வேண்டிய அந்த மூலையில் மறுநாளே போர் போட்டார்கள், அதற்கு வாஸ்து ஒப்புக்கொண்டது. மாதுளையை மாடிப்படி மிதித்தது.

2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் வீட்டைத் தரையோடு கட்டமாட்டார்கள். ரோட்டிலிருந்து நாலடி உயர்த்தினோம். அந்த நாலடியை நிரப்ப வந்த மண்ணில் மண் குறைவு, யார் வீட்டையோ இடித்த ஓடும் டைல்ஸும் அதிகம். மிஞ்சியதைத் தோட்டத்துக்கென்று விட்ட இடத்தில் பரப்பிவிட்டுப் போனார்கள். தோண்டிப் பார்த்தால் மண்புழு வரும் என்று எதிர்பார்த்தேன். பாதி வாஷ்பேசின் வந்தது.

கடைசியில் எனக்கென்று தேறியது பதினொரு அடி நீளம், மூன்றடி அகலம். அந்த முப்பத்து மூன்று சதுரடிக்கு நான் வாங்கி வந்தவை: செம்மண் ஒரு லோடு, மாட்டுச்சாணி நாலு மூட்டை, தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், வேப்பம் புண்ணாக்கு, பஞ்சகவ்யம் ஒரு கேன், கவாத்துக் கத்தரி இரண்டு. வெட்டுவதற்கு ஒன்றும் முளைக்கவில்லை, அது வேறு விஷயம். இதை மனைவி 'இதர செலவு' என்று இடப்பக்கத்தில் ஏற்றி, அடியில் கோடு போட்டாள்.

செடி வாங்கப் பூந்தமல்லிப் பக்கம் போனேன். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. அவர் பூ வளர்த்துத் தினமும் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார் என்பார்கள். மெட்ரோ தூண்களுக்கு இடையே டூவீலரில் ஒரு தென்னங்கன்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தபோது, நம்பி காலத்தில் டிராபிக்கும் தவணையும் இல்லாததன் அருமை புரிந்தது. நர்சரிக்காரர் நல்ல மனிதர். முப்பத்து மூன்று சதுரடி என்றதும் சிரிக்காமல், "முல்லை வெச்சுக்குங்க சார், மேல ஏத்திவிட்டா இடமே கேக்காது. கறிவேப்பிலை ஒண்ணு. முருங்கை ஒரு போத்து வெட்டித் தர்றேன், ஆறேழு மாசத்துல காய்ச்சிடும்" என்றார். முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான் என்று என் மாமியார் போனில் எச்சரித்தார். 34,713 ரூபாய் தவணை கட்டுகிறவன் முருங்கை நடாவிட்டாலும் வெறுங்கைதான் என்று விளக்கிவிட்டு நட்டேன்.

2025-ல் ஓர் அதிசயம் நடந்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று தடவையாக ரெப்போ 6.50-லிருந்து 5.50-க்கு இறங்கியது. தவணை அப்படியே இருக்க, கடன் காலம் கணக்குப்படி கிட்டத்தட்ட மூன்று வருடம் குறைந்தது. கடன் எனக்கு முன்னாலேயே வி.ஆர்.எஸ். வாங்கிக்கொள்ளும் போலிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் வலப்பக்கத்தைத் திறந்து எலுமிச்சையை மறுபடி எழுதினேன், அடைப்புக்குறிக்குள் 'தொட்டியில்' என்று போட்டு. ரிசர்வ் வங்கிக் கூட்டத்தின் தேதியை நான் இப்போது அமாவாசை, கார்த்திகை மாதிரி காலண்டரில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் அப்பா தென்னங்கன்றை நட்டார். முன்பக்கம் கேட் ஓரம், அந்தப் பதினொரு அடியின் கடைசி மூன்றடியில். இன்ஜினியர் வேர் காம்பவுண்டைத் தள்ளும் என்றார். எதிர்வீட்டுக்காரர் மட்டை அவர் வண்டி மேல் விழும் என்றார். மேலே கரண்டு கம்பி போகிறது என்று நான் சொன்னேன். அப்பா குழியில் உப்பு போட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டே, "ஏழு வருஷத்துல காய்க்கும்" என்றார். அவருக்கு 74. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி சாமான்களை ஒதுங்க வைத்துவிட்டு மனைவி நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். பால் காய்ச்சுவதற்கான செலவை எழுதுகிறாள் என்று நினைத்தேன். இடப்பக்கத்தில் தவணைகளை வருடவாரியாக அவள் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்த கட்டங்களில், 2032-க்கு நேராக ஒரு வரி புதிதாக இருந்தது: "தேங்காய் – வாங்க வேண்டாம்."