கருப்புத் திரைத் தம்பி

விளாத்திகுளத்தில் மண் கருப்பு. தம்பியின் லேப்டாப் திரையும் கருப்பு. இரண்டிலும் எது முளைக்கும், எது தீயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கருப்புத் திரையில் கட்டளை தட்டியே எல்லா வேலையும் பார்க்கும் இப்படி ஒருவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. வாங்கிய பிள்ளைகள் முதல் வேலையாக லினக்ஸைத் துடைத்தார்கள். தம்பி விண்டோஸைத் துடைத்தார். அன்றிலிருந்து மவுஸைத் தொடுவது அவருக்குக் கல்யாணப் பந்தியில் ஸ்பூன் கேட்பதுபோல.

டியூசன் டீச்சருக்கு வேண்டியது சின்ன விஷயம்தான். திரையில் கணக்குப் போடுவதைப் பேச்சோடு பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும்.

"ஏதோ பட்டன் இருக்காம்ல தம்பி, அமுக்குனா பதியுமாம்?"

"அந்தப் பட்டனுக்கு உள்ள ஓடுறதும் எஃப்எஃப்எம்பெக்தான்க்கா. வாசல் இருக்கையில சன்னல் ஏறிக் குதிக்கணுமா?"

2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிவைத்த மென்பொருள் அது. தம்பி பேசுவதைக் கேட்டால் பெல்லார் என்னவோ புதூர்ப் பக்கத்துச் சம்பந்தக்காரர் என்றே நினைப்பீர்கள்.

எல்லாம் ஒரே வரிதான். திரையைப் பிடிக்க எக்ஸ்11கிராப், குரலுக்கு பல்ஸ், நொடிக்கு 30 பிரேம், சுருக்குவதற்கு எக்ஸ்264. ஒரு சிறுகோடு இடம் மாறினாலும் சிவப்பெழுத்தில் வசவு விழும். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடிய நல்லப்ப சுவாமிகளின் ஊரல்லவா, தம்பியும் அந்த ஒரு வரியைச் சாயங்காலம் முழுக்க ஆலாபனை செய்தார். டீச்சர் அதற்குள் கம்பங்கஞ்சி காய்ச்சி இறக்கிவிட்டார்.

கடைசியில் ஓடியது. முக்கால் மணி நேரப் பாடம். நிறுத்த 'க்யூ' அமுக்க வேண்டும். விரல் போகும்போது கரெண்டு போனது. லேப்டாப் பேட்டரி செத்து நாலு வருசம்.

வீடியோவைச் சேமித்த எம்பி4 வடிவம் ஒரு மாதிரியான கணக்குப்பிள்ளை. மிளகாய் மூட்டை அத்தனையும் எடை போட்டு முடிந்தபின்தான் பேரேட்டைத் திறப்பார். நடுவில் விளக்கணைந்தால் மூட்டைகள் கிடக்கும், எது யாருடையது என்பதற்குத்தான் எழுத்து இருக்காது. எடை போடப்போடச் சீட்டு எழுதுகிறவர் எம்கேவி.

"எம்கேவில போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்க்கா" என்றார் தம்பி, வேறு யாரோ எம்பி4 போட்டதுபோல.

"நீதானய்யா போட்ட?"

காதில் விழவில்லை. "விடுங்க, யூடியூப்ல நேரலையாவே விட்ருவோம். ஆர்டிஎம்பி, எஃப்எல்வி, ரெண்டு செகண்டுக்கு ஒரு கீஃபிரேம்..." டீச்சர் கும்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் உளுந்து டின்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, திரையை அப்படியே படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். நடுவே ஆடு கத்துகிறது. மற்றபடி கணக்கு தெளிவாகத் தெரிகிறது. தம்பி முழுசாகப் பார்த்தார்.

"நல்லாருக்குக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பிரேம் ரேட்டு என்ன வச்சீங்க?"